ஆடிக்கு முன்னே ஒரு வரைபடம்

குளிர்நாடுகளில் வீட்டுத்தோட்டம் வைத்திருப்போர் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் விதைப் பட்டியல்களைப் புரட்டியபடி வசந்தத்துக்காகக் காத்திருப்பார்கள். மண் உறைந்து கிடக்கும்போது வேறு வழியில்லை. நம் மரபில் இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். பெயர் இனிமையானதுதான், ஆனால், மொட்டைமாடித் தொட்டிகள் காய்ந்து கருகும் காலமும் அதுவே. நம் தோட்டங்கள் எதிர்நோக்கியிருக்கும் வசந்தம் ஆடிப்பட்டம்.

கோடை விடுமுறை உற்சாகத்தில் ஏப்ரலில் நாற்று வாங்கி, மே மாத வெயிலில் அதைப் பறிகொடுத்து, 'நமக்குக் கைராசி இல்லை' என்று தோட்டத்தையே கைவிடுவோர் பலர். கைராசியைக் குறைகூறிப் பயனில்லை. நட்ட காலம்தான் தவறு. ஆடி வரையிலான மாதங்களைத் திட்டமிடுவதற்கு ஒதுக்குவதே நல்லது.

அந்தத் திட்டத்தில் முதலில் கணக்கிட வேண்டியது வெயிலின் திசை. சென்னை ஏறத்தாழ 13 டிகிரி வட அட்சரேகையில் உள்ளது. ஏப்ரல் இறுதி வாரத்தில் நண்பகல் சூரியன் அங்கு நேர் உச்சியில் நிற்கிறது. அதன் பிறகு, ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை, நண்பகலில் உச்சிக்குச் சற்று வடக்கேதான் இருக்கிறது. ஆகவே, மே, ஜூன் மாதங்களில் வீட்டின் வடபுறச் சுவரோரத்திலும் நல்ல வெயில் காயும். அதைப் பார்த்துவிட்டு, 'இங்கே பந்தல் போடலாம்' என்று முடிவு செய்தால் ஏமாற்றமே மிஞ்சும். டிசம்பரில் அதே சூரியன் உச்சியிலிருந்து 36 டிகிரிக்கு மேல் தெற்கே சாய்ந்துவிடுகிறது. அப்போது 10 அடி உயரச் சுவரின் நிழல், நண்பகலிலேயே வடக்கே 7 அடிக்கு மேல் நீளும். ஒரு தாளில் வீட்டை வரைந்து, ஜூன் நிழலையும் டிசம்பர் நிழலையும் இரு வண்ணங்களில் தீட்டிப் பார்ப்பது அரைமணி நேர வேலை.

மரம் வைக்கும் எண்ணமிருந்தால் மேற்குப்புறமே ஏற்றது. பிற்பகல் வெயிலிலிருந்து வீட்டுக்கும் பாதுகாப்பு கிடைக்கும். தென்புறத்து மரம் மழைக்காலம் முழுவதும் தோட்டத்தின்மீது நிழலைப் போர்த்திவிடும்.

மாடித்தோட்டத்தில் எடையும் முக்கியம். தொட்டிகளை அகற்றிவிட்டு அழகாகப் பாத்தி கட்ட விரும்புவோர் இதைப் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு கன அடி ஈரமண் 45 முதல் 50 கிலோ இருக்கும். 4 அடி நீளம், 3 அடி அகலம், 1 அடி ஆழம் கொண்ட பாத்தி அரை டன்னைத் தாண்டிவிடும். மக்கள் நடமாடும் மாடிக்கு இந்தியத் தரநிர்ணய விதி கணக்கில் கொள்ளும் சுமை, சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோ. இந்தப் பாத்தியோ அதைப்போல் மும்மடங்கு பாரத்தை ஏற்றுகிறது. தென்னைநார்க் கழிவும் மட்கிய உரமும் அதிகம் கலந்த கலவையைப் பைகளில் நிரப்பி, உத்தரங்களின் மேலும் சுவர்களை ஒட்டியும் பரவலாக வைப்பதே பாதுகாப்பானது. பழைய வீடு என்றால், பொறியாளரைக் கேட்காமல் எதையும் ஏற்றக் கூடாது.

கோடை வெயிலாலும் ஒரு நன்மை உண்டு. பழைய தொட்டிமண்ணை நனைத்து, ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளால் இறுக மூடி, நான்கு முதல் ஆறு வாரங்கள் வெயிலில் வைத்தால், நூற்புழுக்களும் நோய் தரும் பூஞ்சைகளும் பெருமளவு மடியும். சித்திரையில் சேர்க்கத் தொடங்கும் சமையலறைக் கழிவும் ஆடிக்குள் மட்கி உரமாகிவிடும். பந்தல்கால்களை ஆனியிலேயே ஆழ ஊன்றிவிடுவது நல்லது. அம்மியை நகர்த்தும் ஆடிக்காற்றுக்கு மூங்கில் கழி எம்மாத்திரம்?

பாகல், பீர்க்கு, புடல் ஆகியவை விதைத்த இரண்டு மாதங்களில் காய்க்கத் தொடங்கும். ஆடித் தொடக்கத்தில் விதைத்தால், ஐப்பசி அடைமழைக்கு முன்பே ஓரளவு பறித்துவிடலாம். பந்தல் அவரையின் நாட்டு வகைகள் அப்படியல்ல. பகல் பொழுது குறுகினால்தான் அவை பூக்கும். ஆடியில் விதைத்தாலும், காய்ப்பது கார்த்திகைக்குப் பிறகுதான். எனவே, வரைபடத்தில் மார்கழி வெயில் எட்டும் இடத்தை முதலில் அவரைக்கு ஒதுக்கிவிட்டு, மீதியைப் பாகலுக்கும் பீர்க்குக்கும் பிரித்துக்கொள்ளலாம்.