காதுக்குள் ஓர் இரைச்சல்

கர்நாடக மாநிலத்தில் உள்ள கோலார் தங்கவயல், தமிழர் பெருந்திரளாகக் குடியேறி வாழும் ஊர்களுள் ஒன்று. 1880 ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனம் அங்குச் சுரங்கத் தொழிலில் இறங்கிய பின்னர், வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அங்குச் சென்றன. ‘லைன்’ என வழங்கும் வரிசை வீடுகளில் அவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். அச்சுரங்கங்களுள் ஒன்றாகிய சாம்பியன் ரீஃப் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுடையது. அதன் ஆழத்தையும் வெப்பத்தையும் பலரும் வியந்து பேசுவர். அங்கு நிறைந்திருந்த ஓசையைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

நாம் இயல்பாக உரையாடும் ஒலியின் அளவு ஏறத்தாழ 60 டெசிபெல். காற்றழுத்தத்தால் இயங்கும் துளைக்கருவி பாறையைக் குடையும்போது எழும் ஓசையோ 100 டெசிபெலைக் கடந்துவிடும். குறுகிய பாறைக் குகைக்குள் அவ்வோசை சுவர்களில் மோதித் திரும்பும். 85 டெசிபெலுக்கு மேற்பட்ட ஓசையில் நாள்தோறும் எட்டு மணி நேரம் இருந்தால், ஆண்டுகள் செல்லச் செல்லக் கேட்கும் திறன் குறையும் என்று மருத்துவர்கள் கூறுகின்றனர்.

2001 ஆம் ஆண்டு பிப்ரவரி 28 ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. எந்திரங்கள் ஓய்ந்தன. ஆயினும், பல்லாண்டுகள் துளைக்கருவியைப் பிடித்து உழைத்த ஒருவருக்கு, ஊரடங்கிய நள்ளிரவிலும் காதுக்குள் ஓர் ஒலி கேட்டுக்கொண்டே இருக்கக்கூடும். சிலருக்கு அது வண்டின் ரீங்காரம்போல் இருக்கும். சிலருக்குச் சீழ்க்கை ஒலிபோல் இருக்கும். வெளியே எந்த ஒலியும் இல்லாதபோது காதுக்குள் கேட்கும் இவ்வொலியைக் காதிரைச்சல் என்பர். ஆயுர்வேத நூல்கள் இதனைக் கர்ணநாதம் என்று குறிப்பிடுகின்றன.

இல்லாத ஒலி எவ்வாறு கேட்கிறது? நம் உட்செவியில் நத்தையின் ஓடுபோலச் சுருண்ட உறுப்பு ஒன்று உள்ளது. அதனுள் ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள் உள்ளன. ஒலியலைகளை நரம்பு உணரும் குறிப்புகளாக மாற்றி மூளைக்கு அனுப்புவது அவற்றின் பணி. பேரோசையால் அழிந்த மயிரணு மீண்டும் முளைப்பதில்லை. செவியிலிருந்து வரும் குறிப்புகள் குறைந்ததும், மூளை அவற்றைத் தேடித் தன் கேட்கும் கூர்மையை மிகுத்துக்கொள்கிறது. வானொலியில் நிலையம் சரியாகக் கிடைக்காதபோது ஒலியளவைக் கூட்டினால் கரகரப்புத்தானே மிகும்? ஏறக்குறைய அதுவே இங்கும் நிகழ்கிறது.

செவியில் குறை இல்லாதவர்க்கும் இவ்வொலி கேட்பதுண்டு. 1953 ஆம் ஆண்டில் ஹெல்லர், பெர்க்மன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், நன்கு காது கேட்கும் 80 பேரை ஒலி புகாத அறையில் அமரச் செய்தனர். சில நிமிடங்களில் அவர்களுள் நூற்றுக்கு 94 பேர் விகிதத்தில் ஏதோ ஓர் ஒலி கேட்பதாகக் கூறினர். அவ்வாறாயின், மிகப் பலரும் நாள்தோறும் அதனைப் பொருட்படுத்தாமல் கடந்து செல்கிறார்கள் என்பதே பொருள். சிலரை மட்டும் அது ஏன் வாட்டுகிறது?

இதற்குரிய விளக்கம் தங்கவயலின் வாழ்விலேயே உள்ளது. தாதுப்பாறையை இடித்துப் பொடியாக்கும் ஆலையின் ஓசை ஓயாது எழும். பழகியவர்கள் அதன் நடுவிலும் உறங்கினர். ஆனால் சுரங்கத்தின் ஆழத்தில் பாறை வெடித்தால் மேலே வீடுகள் அதிரும். அந்த ஒரு நொடி அதிர்வுக்கு உறங்கியவர் எழுந்து அமர்வர். உள்ளே வேலைக்குச் சென்ற தந்தையோ அண்ணனோ என்ன ஆனார் என்ற அச்சமே அவர்களை எழுப்பியது. நம்மை விழிக்கச் செய்வது ஓசையின் அளவு மட்டுமன்று. அதற்கு மனம் தரும் பொருளும் ஆகும்.

காதிரைச்சலும் அவ்வாறே. ‘இது பெரிய நோயோ? செவிடாகிவிடுவேனோ?’ என்று ஒருவர் அஞ்சினால், மூளை அவ்வொலியை ஆபத்தின் அறிகுறியாகக் கொண்டு இடைவிடாமல் கண்காணிக்கும். கண்காணிக்குந்தோறும் ஒலி மிகுந்ததாகத் தோன்றும், உறக்கம் கெடும், உறக்கம் கெட்டால் கவலை மேலும் வளரும். மனவுளைச்சலால் பல்லைக் கடிப்பதும் கழுத்துத் தசைகள் இறுகுவதுங்கூடச் சிலருக்கு இரைச்சலை மிகுவிக்கின்றன. சுரங்கம் மூடிய பின் தங்கவயல் மக்கள் பலர் மாரிக்குப்பத்தில் தொடர்வண்டி ஏறி, நாள்தோறும் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று திரும்புகின்றனர். விடியுமுன் எழுந்து, இரவில் வீடு திரும்பும் வாழ்க்கையில் உறக்கம் குறைவு, கவலைக்குக் குறைவில்லை. தேர்வுக் காலத்தில் கண்விழித்துப் படிக்கும் உங்கள் நிலையும் ஏறக்குறைய அதுதான்.

இரைச்சலை அடியோடு நீக்கும் மாத்திரை எதுவும் இதுவரை இல்லை. விளம்பரங்கள் வேறு சொல்லலாம்; நம்பவேண்டா. ஆனால் அதன் பிடியைத் தளர்த்த முடியும். ஆலை ஓசைக்குப் பழகியதுபோல மூளை இதற்கும் பழகும் என்பதை அடிப்படையாகக் கொண்டு, பாவெல் யஸ்திரெபாஃப் என்னும் அறிஞர் 1990 இல் ஒரு விளக்கத்தை வெளியிட்டார். அச்சமூட்டும் எண்ணங்களை ஆராய்ந்து திருத்தும் மனநலப் பயிற்சியும் நல்ல பயன் தருவதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

வீட்டில் செய்யத்தக்கவையும் உண்டு. முற்றிலும் அமைதியான அறையில் தனித்திருந்து அவ்வொலியையே கேட்டுக்கொண்டிராமல், மின்விசிறியின் ஓசையோ மெல்லிய இசையோ அருகில் இருக்கச் செய்யலாம். ‘இப்போது கேட்கிறதா?’ என்று அடிக்கடி சோதிப்பதைக் கைவிடவேண்டும். மூச்சை மெல்ல இழுத்து, அதனினும் மெல்ல விடுவது இறுகிய உடலைத் தளர்த்தும். வெந்நீரில் காட்டிய எண்ணெயைக் காதில் விடுவது நம் வீடுகளில் பழைய வழக்கம். செவிப்பறையில் துளை இருந்தால் அது தீங்காக முடியும். காதில் மாட்டும் கருவியில் உரக்கப் பாட்டுக் கேட்போர் ஒன்றை அறியவேண்டும்: வாரத்திற்கு 40 மணி நேரம், 80 டெசிபெல் என்பதே உலக நலவாழ்வு நிறுவனம் பெரியவர்களுக்குக் காட்டும் எல்லை.

திடீரென ஒரு காது கேளாமற்போனாலும், ஒரு காதில் மட்டும் இரைச்சல் தொடர்ந்தாலும், நாடித்துடிப்போடு இயைந்து ஒலித்தாலும், தலைசுற்றலோ சீழோ சேர்ந்து வந்தாலும் காத்திருத்தல் கூடாது. உடனே காது மருத்துவரைக் காணவேண்டும். செவித்திறனை ஆய்வதற்கென்றே மைசூரில் அனைத்திந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் உள்ளது.

உங்கள் இல்லத்திலும் சுரங்கத்திலோ ஆலையிலோ உழைத்த தாத்தா இருக்கலாம். அவர் தொலைக்காட்சியை உரக்க வைத்தால் சினவாதீர்கள். எதிரே அமர்ந்து, முகத்தைப் பார்த்து, நிறுத்தி நிறுத்திப் பேசுங்கள், கத்தவேண்டியதில்லை. மார்கழிக் குளிரிலும் அவர் மின்விசிறியை நிறுத்த மறுத்தால், காரணம் என்னவென்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.