ஒரு பகலுக்கு ஒரு தீபகற்பம்

அயர்லாந்தின் தேசப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு, தென்மேற்கு மூலையில் அட்லாண்டிக் சமுத்திரத்துக்குள் ஒன்றன்பின் ஒன்றாக நீண்டு கிடக்கும் தீபகற்பங்களைப் பார்க்கிறவர், அவை எவ்வளவு அருகருகே இருக்கின்றன என்று மகிழ்ந்து, காலையில் ஒன்றையும் பிற்பகலில் மற்றொன்றையும் சுற்றிவிட்டு இரவு விடுதிக்குத் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போடுவது இயல்பே. டப்ளினில் வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் விருந்தாகப் போகும் பெற்றோருக்காக வகுக்கப்படும் பிரயாணத் திட்டங்கள் பலவற்றில் இந்தக் கணக்கே காணப்படுகிறது. டப்ளினிலிருந்து டிங்கிள் நகரம் ஏறத்தாழ 350 கிலோமீட்டர். போவதற்கு மட்டுமே நாலரை மணி நேரம் வேண்டும். அதிகாலையில் புறப்பட்டு அன்றிரவே திரும்புகிறவர் பகல் முழுவதும் காண்பது முன்னே செல்லும் லாரியின் பின்புறத்தைத்தான். கிராமப்புற அயர்லாந்தை மோட்டாரில் பார்க்க விரும்புகிறவர், முதல் நாளே மேற்கே போய்த் தங்கி, மறுநாள் பகலை ஒரே ஒரு தீபகற்பத்துக்கு முழுமையாக ஒப்படைத்துவிட வேண்டும் என்பதே என் திடமான அபிப்பிராயம்.

தூரம் குறைவாயிருந்தும் நேரம் ஏன் இவ்வளவு செலவாகிறது என்பதை அந்தச் சாலைகளின் சுபாவத்தைத் தெரிந்துகொண்டால்தான் உணரமுடியும். அங்கே சாலைகள் மூன்று வகை. 'என்' என்ற எழுத்துடன் எண்ணிடப்பட்டவை தேசியச் சாலைகள். 'ஆர்' என்பவை பிராந்தியச் சாலைகள். 'எல்' என்பவை உள்ளூர்ச் சாலைகள். இந்த மூன்றாம் வகையில் பல, இருபுறமும் கல்சுவரோ ஆளுயர வேலிப்புதரோ நெருக்க, நடுவில் புல் முளைத்து, ஒரு வண்டிக்கு மட்டுமே இடம் தருவன. கிராமப்புற உள்ளூர்ச் சாலைகளின் பொதுவான வேக வரம்பு 2025 பிப்ரவரி முதல் மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 60 ஆகக் குறைக்கப்பட்டிருக்கிறது. ஆயினும் வளைவுக்கு அப்பால் ஆட்டு மந்தையோ, பால் கறக்கப் போகும் பசுக்களோ, வைக்கோல் ஏற்றிய டிராக்டரோ வருமென்று எதிர்பார்த்து ஓட்டுகிற விவேகி அந்த அறுபதையும் எட்டமாட்டார். ஆகையால் பிராந்தியச் சாலைகளில் மணிக்கு 50 கிலோமீட்டர், ஒடுங்கிய கடற்கரைச் சாலைகளில் 25 அல்லது 30 என்று வைத்துக்கொண்டு, அதன்மேல் நின்று பார்க்கும் நேரத்தையும் தாராளமாகச் சேர்த்துக்கொண்டு திட்டமிட வேண்டும். கைப்பேசியில் வழிகாட்டும் செயலி, சில நிமிஷங்களை மிச்சப்படுத்துவதாக எண்ணி வண்டியை இந்த 'எல்' சாலைகளுக்குள் திருப்பிவிடும் வழக்கமுடையது. அதன் பேச்சைக் கேளாமல் என், ஆர் சாலைகளையே பற்றிச் செல்வது நலம்.

கெர்ரி மாவட்டத்துக்குப் போகிறவர்கள் அநேகமாகக் கில்லார்னி நகரில் தங்குவார்கள். அங்கிருந்து புறப்படும் பிரசித்தி பெற்ற சுற்று 'ரிங் ஆஃப் கெர்ரி'. 179 கிலோமீட்டர் நீளமுள்ளது. டிங்கிள் போய், அந்நகரம் உள்ள தீபகற்பத்தின் மேற்கு முனையைச் சுற்றி, கில்லார்னிக்குத் திரும்பினாலும் ஏறத்தாழ அதே தூரந்தான். இருந்தும் ஒரே ஒரு நாள் கையிலிருப்பவருக்கு நான் டிங்கிளையே சிபாரிசு செய்வேன். காரணம் இது: கெர்ரிச் சுற்றில் பாதி வழியான வாட்டர்வில்லைத் தாண்டிவிட்டால், மழை பிடித்துக்கொண்டாலும், குழந்தைகள் சோர்ந்து போனாலும், முன்னே போனாலும் பின்னே வந்தாலும் ஒரே தூரம், தப்பும் வழியில்லை. டிங்கிளிலோ போகவர உள்ள சாலை விரைவானது. பார்க்கத்தக்கவை அனைத்தும் 50 கிலோமீட்டருக்கும் குறைவான ஒரு வளையத்தில் திரண்டிருக்கின்றன. அந்த வளையத்தில் எங்கே நின்றாலும் உணவும் ஒதுங்க இடமும் உள்ள ஊர் அரைமணிப் பயணத்தில் கிடைக்கும். கெர்ரிச் சுற்றைத்தான் பார்ப்பேன் என்போர், பெரிய சுற்றுலாப் பேருந்துகள் அதை இடஞ்சுழியாகச் சுற்றுகின்றன என்பதை அறிந்து, அவற்றுக்கு வெகு முன்பாகக் காலையிலேயே புறப்பட வேண்டும்.

கில்லார்னியிலிருந்து எட்டரை மணிக்குப் புறப்பட்டால் போதும். மில்டவுன், கேசில்மெயின் வழியாக ஆர் 561 சாலையைப் பிடித்து, ஏறக்குறைய 40 கிலோமீட்டர் போனதும் இன்ச் கடற்கரை வரும். பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம்; கடலுக்குள் ஐந்து கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடும் மணல்திட்டு அது. அங்கே அரைமணி நடந்துவிட்டு அன்னஸ்கால் கிராமத்தைக் கடக்கும்போது, ஸ்காட், ஷாக்கிள்டன் ஆகிய இருவரோடும் தென்துருவப் பிரதேசத்துக்குச் சென்ற டாம் கிரீன் இவ்வூர்ப் பக்கத்தவர் என்பதையும், பிற்காலத்தில் அவர் 'சவுத் போல் இன்' என்று பெயரிட்டு நடத்திய விடுதி இன்னும் சாலையோரத்தில் இருப்பதையும் நினைத்துக்கொள்ளலாம். பத்தரை மணியளவில் டிங்கிள் வந்துவிடும். அங்கே தாமதிக்க வேண்டாம். பெட்ரோல் போட்டுக்கொண்டு, ரொட்டியும் பழமும் தண்ணீரும் வாங்கிக்கொண்டு புறப்படுங்கள். மேற்கே சாப்பாட்டுக் கடைகள் மிகக் குறைவு. சைவ உணவுக்காரருக்கு இந்த முன்னேற்பாடு இன்னும் அவசியம்.

இனி வருவதுதான் 'ஸ்லே ஹெட்' சாலை. இதை வலஞ்சுழியாகவே சுற்றவேண்டும். பேருந்துகளும் அப்படியே போகின்றன. எதிர்த் திசையில் வருகிறவர் குறுகலான பாறை வளைவில் பேருந்தைச் சந்தித்துப் பின்னோக்கிச் செல்ல நேரிடும். நம் நாட்டைப் போலவே அயர்லாந்திலும் வண்டிகள் இடப்பக்கமே ஓடுகின்றன. ஆகவே வலஞ்சுழியாகப் போகிறவருக்குக் கடல் எப்போதும் தம் பக்கமே இருக்கும். ஒதுங்கி நின்று பார்ப்பதும் சுலபம். இப்பகுதி ஐரிஷ் மொழி வழங்கும் பிரதேசமாதலால் ஊர்ப்பலகைகள் ஐரிஷில் மட்டுமே எழுதப்பட்டிருக்கும். ஊர்களின் ஐரிஷ் பெயர்களை முன்னதாகவே தாளில் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

வென்ட்ரி விரிகுடாவைக் கடந்ததும் மலைச்சரிவு நேரே கடலில் இறங்குகிறது. முதலில் டன்பெக் என்னும் புராதனக் கற்கோட்டை. அதன் ஒரு பகுதியைக் கடல் அரித்துத் தள்ளிவிட்டது. சற்றுத் தூரத்தில், சுண்ணாம்புச் சாந்தே இல்லாமல் கல்லின்மேல் கல்லடுக்கி எழுப்பிய வட்டக் குடிசைகள் சரிவில் நிற்கின்றன. அவை விவசாயிகளின் நிலத்தில் இருப்பதால் சில யூரோ கட்டணம் கொடுத்துப் பார்க்க வேண்டும், அதைச் சில்லறையாகக் கையில் வைத்திருப்பது மரியாதை. பின்னர் ஓர் ஓடை பாலமில்லாமல் சாலையின் மேலேயே பாய்ந்து செல்லும் இடம் வரும். அங்கே நிதானமாக இறங்கி ஏறவேண்டும். வெண்ணிறச் சிலுவைச் சிற்பம் நிற்கும் முனையில் திரும்பியதும், பிளாஸ்கெட் தீவுகள் ஒருங்கே கண்ணுக்குத் தெரிகின்றன. கீழே கூமினூல் கடற்கரை. 1970-இல் வெளிவந்த 'ரையன்ஸ் டாட்டர்' திரைப்படத்தின் காட்சிகள் இங்கே எடுக்கப்பட்டன. பார்க்க ரமணீயமானது, ஆனால் நீரோட்டம் பொல்லாதது, குளிக்க இறங்கக்கூடாது.

இந்த நிலத்தை அழகு என்று மட்டும் பார்த்துவிட்டு வருவது நியாயமாகாது. சரிவுகளில் மாலைச் சாய்வொளி படும்போது, இன்று ஒருவரும் உழாத உயரங்களில்கூட வரிவரியாகப் பாத்திகளின் தடம் தெரியும். உருளைக்கிழங்கு பயிரிட்ட பாத்திகள் அவை. 1845-இல் அப்பயிரைத் தாக்கிய நோயால் விளைந்த பெரும்பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் மாண்டார்கள். அதே அளவினர் நாட்டை விட்டுக் கப்பலேறினார்கள். எதிரே தெரியும் பெரிய பிளாஸ்கெட் தீவிலும் ஒரு கிராமம் இருந்தது. மீன் பிடித்தும் ஆடு வளர்த்தும் வாழ்ந்த அந்தச் சின்னஞ்சிறு சமூகத்திலிருந்து, தோமாஸ் ஓ கிரிஹன் 1929-இல் வெளியான தம் சுயசரிதையையும், பெய்க் சேயர்ஸ் என்ற மூதாட்டி தாம் சொல்லப் பிறர் எழுதிய வாழ்க்கை வரலாற்றையும் ஐரிஷ் இலக்கியத்துக்கு அளித்தார்கள். இளைஞர்கள் வெளியேற, மருத்துவரோ பாதிரியாரோ புயற்காலத்தில் கடலைக் கடந்து வர இயலாத நிலையில், எஞ்சியிருந்த சிறு கூட்டமும் 1953-இல் அரசாங்கத்தாரால் நிலப்பகுதிக்குக் கொண்டுவரப்பட்டது. டன்குவின் கிராமத்திலுள்ள பிளாஸ்கெட் நிலையம் இந்த வரலாற்றைச் சொல்லுகிறது. நாள் முழுவதிலும் ஓர் இடத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் செலவிட வேண்டுமென்றால் அது இங்கேதான். தீவுக்கே படகில் போகும் ஆசையை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அது அரைநாளை விழுங்கிவிடும், கடலின் சம்மதமும் வேண்டும்.

டன்குவினிலிருந்து வடக்கே திரும்பினால் கடுமையான வளைவுகள் முடிந்து சாலை சமதளத்தில் ஓடுகிறது. பாலிஃபெரிட்டர் ஊருக்கு அப்பால் காலரஸ் பிரார்த்தனைக் கூடம். கவிழ்த்து வைத்த படகைப் போன்ற சிறிய கற்கட்டடம். ஒவ்வொரு வரிசைக் கல்லும் கீழ்வரிசையை விட உள்நோக்கிச் சற்று நீண்டு, உச்சியில் இரு பக்கமும் கூடுகின்றன. கற்கள் வெளிப்புறம் சாய்வாக வைக்கப்பட்டிருப்பதால் நீர் வழிந்தோடிவிடுகிறது. அதன் காலம் பற்றி ஆராய்ச்சியாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு; பல நூற்றாண்டு மழையில் அது உறுதியாக நிற்பதில் வேறுபாடு இல்லை. நிறுத்தாமல் ஓட்டினால் ஒன்றரை மணியில் முடியும் இந்த வளையத்துக்கு ஐந்து மணி நேரம் ஒதுக்கினால், நாலு மணியளவில் டிங்கிளுக்குத் திரும்பி, ஆற அமர உணவருந்தி, ஏழு மணிக்குள் கில்லார்னி சேரலாம்.

டிங்கிளுக்கு வடக்கே கனர் கணவாய் என்றொரு மலைப்பாதை உண்டு. உச்சியில் நின்றால் ஒரு பக்கம் துறைமுகமும் மறுபக்கம் பிராண்டன் விரிகுடாவும் தெரியும். ஆனால் வடக்கே இறங்கும் பகுதி பாறையை ஒட்டி ஒரு வண்டி அகலமே உடையது. பெரிய வாகனங்களுக்கு அனுமதியில்லை. இதைத் திட்டத்தில் எழுதிவைக்காதீர்கள். டிங்கிளில் நின்று மலையைப் பார்த்து, முகில் மூடியிருந்தால் கைவிட்டுவிடுங்கள். மேற்குக் கரையின் சில பகுதிகளில் வருஷத்தில் 225 நாட்கள் வரை மழை பெய்கிறது. ஆதலால் கில்லார்னியில் இரண்டு இரவு தங்க வசதியுள்ளவர்கள், வானிலை அறிக்கையைப் பார்த்து இரண்டு பகல்களில் நல்லதைத் தேர்ந்துகொள்ளலாம். மற்றொன்றை அருகிலுள்ள தேசியப் பூங்காவில் கழிக்கலாம்.

வாடகைக் கார்களில் பெரும்பாலானவை கையால் கியர் மாற்றுபவை. தானியங்கி வேண்டுமானால் முன்பே சொல்லிவைக்க வேண்டும். எவ்வளவு சிறிய காரோ அவ்வளவுக்குச் சௌக்கியம். குறுகிய சாலையில் எதிரே வண்டி வந்தால், அகலமான இடம் யாருக்கு அருகிலோ அவரே பின்வாங்குவது வழக்கம். வழிவிட்டவருக்கு ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்தி நன்றி சொல்லுவார்கள், நாமும் சொல்ல வேண்டும். ஹாரன் அடிப்பது அங்கே அநாகரிகம். பின்னால் உள்ளூர்வாசியின் வண்டி சேர்ந்துவிட்டால் ஒதுங்கி அவரைப் போகவிடுங்கள். அவர் வேலைக்குப் போகிறார், நாம்தான் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். வயலின் வாயிற்கதவை மறித்து ஒருபோதும் காரை நிறுத்தக்கூடாது. ஐந்து நிமிஷந்தானே என்று நாம் நினைக்கும் வேளையில் அங்கே ஒரு டிராக்டர் காத்துக்கொண்டிருக்கும்.

டிசம்பரில் அங்கே ஒன்பது மணிக்குச் சற்று முன்தான் சூரியன் உதிக்கும், நாலரைக்கு அஸ்தமித்துவிடும். ஜூனிலோ இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் நெரிசல் அதிகம். ஆகவே மே மாதத்தின் பின்பாதியிலோ ஜூன் தொடக்கத்திலோ, அது வாய்க்காவிட்டால் செப்டம்பர் முதல் வாரங்களிலோ போங்கள்.