முக்கோணத்தை மடித்த மாணவர்கள்

91 பகா எண்ணா என்று திடீரென்று கேட்டால், கணக்கில் கெட்டிக்காரர்கள்கூடத் தலையாட்டிவிடுவார்கள். 2, 3, 5 எதனாலும் வகுபடாது என்பது பார்த்த மாத்திரத்திலேயே தெரிந்துவிடும். அதற்கு மேல் ஏழாம் வாய்ப்பாட்டைப் பதிமூன்று வரை சொல்லிப் பார்க்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? ஏழு பதிமூன்று தொண்ணூற்றொன்று. ஆக, அது பகு எண்.

இரண்டு இலக்கத்திலேயே இப்படி ஏமாறுகிறோம். ஆனால் கணினிகளுக்கு முந்நூற்றுச் சொச்சம் இலக்கங்கள் கொண்ட பகா எண்கள் அன்றாடத் தேவை. 1977-இல் ரிவெஸ்ட், ஷமிர், ஏடெல்மேன் மூவரும் உருவாக்கிய ஆர்.எஸ்.ஏ. குறியாக்க முறையில், இன்று வழக்கத்தில் உள்ள 2048 பிட் சாவி ஒன்றைச் செய்ய அப்படிப்பட்ட எண்கள் இரண்டு வேண்டும். கணினி கைக்கு வந்த ஒரு பெரிய ஒற்றைப்படை எண்ணை எடுக்கும், பகா எண்தானா என்று சோதிக்கும், இல்லையென்றால் அதைத் தள்ளிவிட்டு வேறொன்றை எடுக்கும். அந்தச் சோதனையை எப்படிச் செய்வது என்பதுதான் கதை.

பள்ளியில் செய்ததுபோல் வர்க்கமூலம் வரை ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்கலாமா? 10 இலக்க எண் என்றால் ஏறக்குறைய 1 லட்சம் வகுத்தல். கணினி கண்ணிமைப்பதற்குள் முடித்துவிடும். 20 இலக்கம் என்றால் 1,000 கோடி. இலக்கங்கள் இரண்டு மடங்கானால் வேலை வர்க்கமாகிவிடுகிறது. 100 இலக்க எண்ணுக்கு, 1-க்குப் பின்னால் 50 சுழியங்கள் போட்ட அளவு வகுத்தல் வேண்டும். நொடிக்கு லட்சம் கோடி முறை வகுக்கும் இயந்திரத்தைப் பெருவெடிப்பு அன்றைக்கே ஓடவிட்டிருந்தாலும், இன்னும் அது பிள்ளையார் சுழியைத் தாண்டியிருக்காது.

1640-இல் பெர்மா ஒரு குறுக்கு வழி காட்டினார். 7 என்ற பகா எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒன்றைக் குறைத்தால் 6. ஆறு இரண்டுகளைப் பெருக்கினால் 64. அதை 7-ஆல் வகுத்தால் மீதி 1. எந்த ஒற்றைப்படைப் பகா எண்ணுக்கும் மீதி 1 வந்தே தீரும். வராவிட்டால் அது பகு எண். வர்க்கத்தை மேலும் மேலும் வர்க்கப்படுத்திக்கொண்டே போகலாம் என்பதால், 100 இலக்க எண்ணுக்குக்கூட முந்நூற்று முப்பது சொச்சம் வர்க்கங்களிலேயே பெரும்பாலான வேலை முடிந்துவிடும்.

சிக்கல் என்னவென்றால், சில பகு எண்களும் மீதி 1 காட்டித் தப்பிவிடுகின்றன. 341 அப்படி ஒன்று; அது 11 × 31. இரண்டுக்குப் பதில் மூன்றை வைத்துச் சோதித்தால் மாட்டிக்கொள்ளும். 561 அதற்கும் மேல். தன்னோடு பொதுக் காரணி இல்லாத எந்த எண்ணை வைத்துச் சோதித்தாலும் மீதி 1 என்றே சாதிக்கும். இந்த வகைக்குக் கார்மைக்கேல் எண்கள் என்று பெயர். நாம் ராமானுஜன் எண் என்று கொண்டாடும் 1729-ம் இந்தக் கூட்டத்தில் ஒன்றுதான். 7 × 13 × 19. ராமானுஜனைப் பார்க்க வந்தவரின் டாக்ஸி எண் அது என்ற கதையைச் சொல்கிறவர்கள் அதன் இந்தப் போக்கிரித்தனத்தைச் சொல்வதில்லை. இந்தப் போக்கிரிகளுக்கு முடிவே கிடையாது என்று 1994-இல் நிரூபித்தும் விட்டார்கள்.

இவற்றையும் பிடிக்கும் வழியைக் கேரி மில்லர் 1976-இல் கண்டுபிடித்தார். ஆனால் அது பிசகாது என்பதற்கு, ரீமான் கருதுகோளின் விரிவான வடிவம் உண்மையாக இருக்க வேண்டும். அது இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. மைக்கேல் ராபின் 1980-இல் அதையே, சோதிக்கும் எண்ணைப் பகடை உருட்டித் தேர்ந்தெடுக்கும் சோதனையாக மாற்றினார். ஒரு முறை உருட்டினால் பகு எண் தப்பிவிட அதிகபட்சம் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. நாற்பது முறை உருட்டினால் அந்த வாய்ப்பு இருந்தும் இல்லாததுபோல்தான். பொறியாளருக்கு அது போதும். கணிதக்காரருக்குத் தூக்கம் வராது. பகா எண்ணைப் பகு எண்ணிலிருந்து பிரித்தறிவது எண்கணிதத்தின் முக்கியமான பிரச்சினை என்று 1801-லேயே காஸ் எழுதிவைத்திருந்தார். பகடையும் கூடாது, நிரூபிக்காத கருதுகோளும் கூடாது. எந்த எண்ணாக இருந்தாலும் விரைவாகவும் உறுதியாகவும் விடை வேண்டும். 2002 வரை அப்படி ஒரு வழி இல்லை.

அதைக் கண்டுபிடித்தவர்கள் கான்பூர் ஐ.ஐ.டி.யில் கணினி அறிவியல் பேராசிரியரான மணீந்திர அகர்வாலும், அவரிடம் பி.டெக். புராஜெக்ட் செய்த நீரஜ் கயால், நிதின் சக்சேனா என்ற இரண்டு மாணவர்களும். முந்தைய ஆண்டு இதே கேள்வியில் இன்னும் இரண்டு மாணவர்கள் புராஜெக்ட் செய்திருந்தார்கள்; அவர்கள் விட்ட இடத்திலிருந்து இவர்கள் தொடர்ந்தார்கள். இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. என்னுடைய கடைசி ஆண்டு புராஜெக்ட், ஒரு புராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கியது. ஸ்பைரல் பைண்டிங் மட்டும் என் சொந்த முயற்சி.

அவர்கள் என்னதான் செய்தார்கள்? ஒரு நோட்டை எடுத்துப் பாஸ்கல் முக்கோணத்தை எழுதுங்கள். பாஸ்கலுக்கு ஏறக்குறைய 700 ஆண்டுகளுக்கு முன்பே, பிங்களரின் சமஸ்கிருத யாப்பு நூலுக்கு எழுதிய உரையில் ஹலாயுதர் இதை மேரு பிரஸ்தாரம் என்று விளக்கியிருக்கிறார். ஏழுக்குரிய வரி இது: 1, 7, 21, 35, 35, 21, 7, 1. இரண்டு ஓரங்களிலும் உள்ள ஒன்றுகளை விட்டுவிட்டால், நடுவில் உள்ளவை எல்லாம் 7-ஆல் வகுபடும். ஆறுக்குரிய வரி: 1, 6, 15, 20, 15, 6, 1. இங்கே 15-ம் 20-ம் 6-ஆல் வகுபடாமல் முரண்டு பிடிக்கின்றன. பகா எண்ணின் வரியில் நடுவில் உள்ள எல்லாமே அந்த எண்ணால் வகுபடும். பகு எண்ணின் வரியில் ஒன்றாவது வகுபடாமல் நிற்கும். 561-ம் 1729-ம் இங்கே தப்பவே முடியாது.

சோதனை பிரமாதம்தான், ஆனால் 100 இலக்க எண்ணின் வரியை எழுதக் காகிதத்துக்கு எங்கே போவது? அதனால் வரியை மடித்தார்கள். ஐந்து டப்பாக்களை வரிசையாக வைத்து, ஏழின் வரியை இடமிருந்து வலமாக டப்பாவுக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே வாருங்கள். ஐந்தாவது டப்பா முடிந்ததும் மறுபடி முதல் டப்பா. அப்போது முதல் டப்பாவில் 1-ம் 21-ம் சேர்ந்து 22. இரண்டாவதில் 7-ம் 7-ம் சேர்ந்து 14. மூன்றாவதில் 21-ம் 1-ம் சேர்ந்து 22. மற்ற இரண்டில் 35, 35. எல்லாவற்றையும் 7-ஆல் வகுத்து மீதியை மட்டும் வையுங்கள்: 1, 0, 1, 0, 0. ஓரத்து ஒன்றுகள் விழுந்த இடங்களில் 1, மற்ற இடங்களில் சுழியம். பகா எண்ணின் மடிப்பு எப்போதும் இப்படித்தான் சுத்தமாக விழும். ஆறின் வரியை இதேபோல் மடித்து 6-ஆல் வகுத்தால் வரும் மீதிகள் 1, 1, 3, 2, 3. கடைசி மூன்று டப்பாக்களும் காலியாக இருந்திருக்க வேண்டும். குட்டு வெளிப்பட்டுவிட்டது.

முழு வரியையும் எழுதிவிட்டுத்தான் மடிக்க வேண்டும் என்றில்லை. ஏழின் வரி என்பது ஏழு (x + 1)-களைப் பெருக்கினால் வரும் கெழுக்கள்தானே. வர்க்கப்படுத்தும் ஒவ்வொரு படியிலும் மடித்துக்கொண்டே போகலாம், ஆகையால் டப்பாக்களின் எண்ணிக்கை கூடாது. ஆனால் மடிக்கும்போது தகவல் தொலைகிறது; ஒரே மடிப்பில் ஒரு பகு எண் தப்பிவிடவும் கூடும். அதனால் x + 1 என்ற அந்த அடிப்படைக் கோவையில் 1 இருந்த இடத்தில் 2, 3 என்று மாற்றி மாற்றி வைத்து மடித்துப் பார்க்க வேண்டும். எத்தனை டப்பா, எத்தனை முறை? இரண்டுக்கும் சிறிய எண்களே போதும், அதன் பிறகு எந்தப் பகு எண்ணும் தப்ப முடியாது என்று நிரூபித்ததுதான் அந்த மூவரின் சாதனை. முதல் வடிவில் பகுமுறை எண் கோட்பாட்டின் கடினமான தேற்றம் ஒன்றைத் துணைக்கு அழைத்திருந்தார்கள். பிறகு ஹென்ட்ரிக் லென்ஸ்ட்ரா சொன்ன ஒரு யோசனையால் அதுவும் தேவைப்படாமல் போயிற்று.

2002 ஆகஸ்டில் கட்டுரை வெளிவந்தது. அதே வாரத்தில் நியூயார்க் டைம்ஸில் செய்தி வந்தது. 2004-இல் 'ஆனல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ்' இதழில் அச்சானபோது 13 பக்கங்கள்தான். 2006-இல் கோடல் பரிசும் ஃபுல்கர்சன் பரிசும் கிடைத்தன. மூவரின் குடும்பப் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஏ.கே.எஸ். சோதனை என்கிறார்கள்.

வங்கிப் பூட்டெல்லாம் இனி உடைந்துவிடும் என்று சிலர் பயந்தார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 300 இலக்க எண் ஒன்று பகு எண் என்று இந்தச் சோதனை சொல்லும். அதன் காரணிகள் எவை என்று சொல்லாது. ஆர்.எஸ்.ஏ.யை உடைக்க வேண்டுமானால் காரணிகள்தான் வேண்டும்.

இன்னொரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். ஏ.கே.எஸ். சோதனையை நடைமுறையில் யாரும் பயன்படுத்துவதில்லை. இலக்கங்கள் இரண்டு மடங்கானால் வேலை 4,096 மடங்குக்குமேல் கூடாது என்பதுதான் முதலில் நிரூபித்த வரம்பு. லென்ஸ்ட்ராவும் கார்ல் பொமரன்ஸும் திருத்திய வடிவில் அது 64 மடங்கு அளவுக்கு இறங்கியது. அப்போதும் பகடை உருட்டும் முறையோடு ஓட முடியாது. சாவி செய்யும் மென்பொருள்கள் இன்றும் மில்லர்–ராபின் முறையைத்தான் நம்பியிருக்கின்றன.

பின் எதற்கு இத்தனை கொண்டாட்டம் என்று கேட்கலாம். பகடை இல்லாமல் முடியுமா என்ற கேள்விக்கு 'முடியும்' என்று நிரூபணத்தோடு விடை வந்தது என்பதே எனக்குப் போதுமான காரணம். இரண்டு நூற்றாண்டாகக் கெட்டிக்காரர்கள் நின்ற வாசலை, ஈருறுப்புத் தேற்றமும் மீதிக் கணக்கும் கொண்டு திறந்திருக்கிறார்கள். நிரூபணத்தின் பெரும் பகுதியைக் கல்லூரி இயற்கணிதம் படித்தவர் உட்கார்ந்து படித்தால் பின்தொடரலாம். பயன்பாடு எங்கே என்று முதல் பக்கத்திலேயே கேட்கிற ஆராய்ச்சிக் குழுக்கள் இதை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

இந்த வேலை தொடங்கிய இடம் வேறு. 1999-இல் அகர்வாலும் அவருடைய சகா சோமநாத் பிஸ்வாஸும் எடுத்துக்கொண்டது இன்னும் பொதுவான கேள்வி: பிரம்மாண்டமான இரண்டு இயற்கணிதக் கோவைகள் ஒன்றுதானா என்று விரித்து எழுதாமலே கண்டுபிடிக்க முடியுமா? பகா எண் சோதனை அதன் ஒரு சின்னக் கிளை. கயால் இப்போது பெங்களூரு மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சி மையத்திலும், சக்சேனா கான்பூரிலும் இருக்கிறார்கள். இருவரும் அந்தத் தாய்க் கேள்வியைச் சுற்றியே பல ஆண்டுகள் உழைத்திருக்கிறார்கள். சில எண்களைப் பகடைபோல் எடுத்து இரண்டு கோவைகளிலும் போட்டுப் பார்த்தால், ஏறக்குறைய உறுதியான விடை சட்டென்று கிடைத்துவிடும். பகடை இல்லாமல் அதே வேகத்தில் செய்யும் பொதுவான வழி இன்னும் யாருக்கும் கிடைக்கவில்லை.