கொல்லன் பட்டறையில் கிடந்த வேல்

காஞ்சிபுரத்துத் தொண்டைமானிடம் அதியமானின் தூதாகப் போன ஔவையாருக்கு அவன் தன் படைக்கலக் கொட்டிலைச் சுற்றிக் காட்டினான். அதைப் பார்த்து ஔவையார் சொன்னது புறநானூற்றில் 95ஆவது பாட்டாக நிற்கிறது. உன் ஆயுதங்கள் மயிற்பீலியும் மாலையும் சூடி, காம்பு திருத்தி, நெய் பூசி, காவல் வீட்டில் இருக்கின்றன. எங்கள் அரசனின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்பது அதன் சாரம். பாராட்டுவதுபோல் எச்சரித்த தூதுரை அது. இன்றைய அருங்காட்சியகத்தில் போர்ப்பொருள்களைப் பார்க்கப் போகிறவருக்கும் அதில் ஒரு பாடம் இருக்கிறது. மெருகு குலையாத ஆயுதம் வைத்திருந்தவனின் செல்வத்தைச் சொல்லும். போர் எப்படி நடந்தது, யார் செத்தார் என்பதை அறிய முறிந்த நுனியிடம்தான் போக வேண்டும்.

கொங்கு நாட்டில் அப்படிப்பட்ட பொருள்களுக்குக் குறைவில்லை. ஈரோடு மாவட்டம் சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் வடகரையில் இருக்கும் கொடுமணலில் 1985 முதல் பல கட்டங்களாக அகழாய்வு நடந்திருக்கிறது. அங்கே இரும்பு உருக்கிய உலைகளும் மணிக்கற்களைச் செதுக்கிய பட்டறைகளும் கிடைத்தன. பானை ஓடுகளில் தமிழி எழுத்தில் ஆட்களின் பெயர்கள் கிடைத்தன. கல்பதுக்கைகளில், இறந்தவர்களோடு வாளும் வேல்முனையும் அம்புமுனையும் வைத்துப் புதைத்திருந்தார்கள். துருவேறி உருமாறிய அந்த இரும்பைப் பார்ப்பவர்களில் பாதிப்பேர் ஒரு நொடியில் கடந்துபோய்விடுவார்கள். ஆனால் அது ஒருவன் கையில் இருந்த இரும்பு. அவன் செத்தபோது, இன்னும் பயன்படக்கூடிய விலையுயர்ந்த பொருள் என்று தெரிந்தும், உறவினர்கள் அதை அவனோடு மண்ணுக்குக் கொடுத்தார்கள்.

கல்லறையில் ஆயுதம் இருக்கிறது, அதை ஏந்தியவன் கதை இல்லை. கதை வேண்டுமானால் நடுகல்லிடம் போக வேண்டும். அதற்குக் கொங்கின் வடகிழக்கு வாசலான பழைய தகடூருக்கு, இன்றைய தருமபுரிக்கு, ஒருமுறை போய்வருவது நல்லது. மாநிலத் தொல்லியல் துறை அங்கே வைத்திருக்கும் அகழ்வைப்பகத்தில் நடுகற்களே முதன்மை.

நடுகல் என்பது போரிலோ ஆநிரைச் சண்டையிலோ விழுந்தவனுக்காக நட்ட கல். அதை எழுப்பும் முறையைத் தொல்காப்பியம் ஆறு படிகளாக வகுக்கிறது: கல்லைத் தேர்ந்து காணும் காட்சி, அதைக் கொண்டுவரும் கால்கோள், நீராட்டும் நீர்ப்படை, நடுதல், சிறப்புச் செய்யும் பெரும்படை, கடைசியில் வாழ்த்து. அதியமான் இறந்தபின் அவன் நடுகல்லுக்குப் பீலி சூட்டிச் சிறிய கலத்தில் கள் படைத்ததைப் பாடியவரும் ஔவையார்தான். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுத்த தமிழி எழுத்து நடுகல், ஆநிரைச் சண்டையில் இறந்த ஒருவனுக்கானது. சங்கப் பாடல்கள் சொல்லும் வழக்கம் கற்பனை இல்லை என்பதற்கு அந்தக் கல்லைவிட நேரடியான சாட்சி தேவையில்லை.

தருமபுரி, செங்கம் வட்டாரக் கற்களை வாசிப்பது கடினமில்லை. நடுவில் வீரன் ஒரு காலை முன்வைத்து நிற்பான். இடக்கையில் வில், வலக்கையில் குறுவாள். மார்பிலோ தொடையிலோ அம்பு தைத்திருந்தால் அவன் எதிரே நின்று வாங்கிய காயம் அது. காலடியில் கெண்டியும் சிமிழும் இருக்கும். பக்கத்தில் மாடு செதுக்கியிருந்தால் சண்டை ஆநிரைக்காக நடந்தது. கன்னட நாட்டுத் தொடர்பு மிகுந்த கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதிகளின் பிற்காலக் கற்களில் மூன்று அடுக்குகளைக் காணலாம்: கீழே சண்டை, நடுவே வீரனை ஏந்திச் செல்லும் தேவமகளிர், உச்சியில் அவன் வழிபடும் லிங்கம்.

எழுத்து எங்கே என்று தேடினால் பெரும்பாலும் தலைக்குமேல் இருக்கும். பழைய கற்களில் அது வட்டெழுத்து. வரிகளின் ஒழுங்கு ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் அரசன் பெயரும் ஆட்சியாண்டும், பிறகு அந்த வட்டாரத் தலைவன், பிறகு ஊர். தொறு, அதாவது மாட்டு மந்தையை, யார் கவர வந்தார், அதை மீட்டுப் பட்டவன் யார் என்பது கடைசியில் வரும். இந்த ஒழுங்கில் எனக்குப் பெரிதாகப் படுவது ஒன்று. பல்லவப் பேரரசன் அந்தக் கல்லில் இருப்பது ஆண்டுக்கணக்குக்காக மட்டுமே. கல் யாருக்கோ அவன் சாதாரண ஊர்க்காரன். ஆர். நாகசாமியின் முயற்சியில் 1972இல் வெளிவந்த ‘செங்கம் நடுகற்கள்’ தொகுப்பைப் புரட்டினால், வேறெந்த ஆவணத்திலும் இடம்பெறாத மனிதர்கள் பெயர் பெயராக வருவார்கள். எடுத்தனூர்க் கல் இன்னும் ஒருபடி மேலே போகிறது. மகேந்திரவர்மன் காலத்தில், ஏழாம் நூற்றாண்டில், மந்தையை மீட்டு விழுந்த கருந்தேவக்கத்தியோடு அவனுடைய நாயும் அதில் இருக்கிறது. கோவிவன் என்று நாயின் பெயரையும், அது இரண்டு கள்ளர்களைக் கடித்த செய்தியையும் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

விழுந்தவன் குடும்பத்துக்கு நிலம் விட்ட வழக்கமும் உண்டு. நெத்தோர்பட்டி, உதிரப்பட்டி என்று அந்த நிலங்கள் கல்வெட்டுகளில் வருகின்றன.

விழுந்தவனின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்த இந்த வழக்கத்தை 20ஆம் நூற்றாண்டோடு ஒப்பிட்டால் மனம் கனக்கிறது. முதல் உலகப் போருக்குப்பின் இந்தியச் சிற்றூர்கள் பலவற்றில், தமிழகத்திலும், பிரிட்டிஷ் அரசு சிறு கல்பலகைகள் பதித்தது. இந்த ஊரிலிருந்து 1914–1919 பெரும்போருக்கு இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் எண்ணிக்கை மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021இல் வெளியிட்ட அறிக்கை, அந்தப் போரில் இறந்த குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரிட்டு நினைவுகூரப்படவில்லை அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்று ஒப்புக்கொண்டது. அவர்களில் பெரும்பாலோர் கிழக்கு ஆப்பிரிக்கர்களும் எகிப்தியர்களும். ஏழாம் நூற்றாண்டு ஊரார் ஒரு நாய்க்குச் செய்ததை ஒரு பேரரசு தனக்காக இறந்த இத்தனை பேருக்குச் செய்யவில்லை.

நடுகற்களை அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவருவது சரியா என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. சாலை விரிவாக்கத்திலும் நிலம் சமன் செய்வதிலும் உடைந்துபோகும் கல்லை எடுத்து வைக்கத்தான் வேண்டும். ஆனால் தருமபுரி, செங்கம் பக்கத்தில் பல நடுகற்கள் இன்றும் வேடியப்பன் என்ற பெயரில் சாமியாக நிற்கின்றன. பொங்கல் வைக்கிறார்கள், கிடாய் வெட்டுகிறார்கள். அந்த ஊருக்கு அது காட்சிப்பொருள் ஆகாது. தவிர, கல் நின்ற இடமே ஒரு செய்தி. மந்தை போன வழி, ஊர் எல்லை, சண்டை நடந்த பக்கம் எல்லாம் அந்த இடத்தோடு சேர்ந்தவை. கல்லைப் பெயர்த்தால் அவை உதிர்ந்துவிடும். கும்பிடப்படும் கல்லை அங்கேயே காப்பதும், கேட்பாரற்ற கல்லை மட்டும் எடுத்து வருவதும்தான் முறை என்பது என் எண்ணம். எடுத்தாலும் ஊர், புல எண், பார்த்திருந்த திசை மூன்றையும் கல்லின் பக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும்.

கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் புலியோடு போரிட்டு இறந்தவனுக்கு எடுத்த புலிகுத்திக் கற்களும் இதே வகைதான். தோட்டத்து வரப்பிலோ குளக்கரையிலோ அப்படி ஒன்று கண்ணில் பட்டால் சுரண்டாதீர்கள், எழுத்தைத் தெளிவாக்கச் சுண்ணாம்போ எனாமல் பெயின்டோ பூசாதீர்கள். கல்வெட்டு ஆய்வாளர்கள் ஈரத் தாளை எழுத்தின்மேல் ஒற்றித் தூரிகையால் தட்டி மைப்படி எடுப்பார்கள். பெயின்ட் ஏறிய கல்லில் பள்ளங்கள் அடைபட்டு அந்த வேலை கெட்டுவிடும். காலையிலோ மாலையிலோ வெயில் பக்கவாட்டில் விழும்போது படம் எடுத்தால் மங்கிய எழுத்தும் எழும்பித் தெரியும். கல் எந்தத் திசை பார்க்கிறது, பக்கத்தில் வேறு கற்கள் உண்டா, ஊர்ப் பெரியவர்கள் அதை என்ன பெயரால் அழைக்கிறார்கள் என்பதையும் எழுதி, படத்தோடு மாவட்ட அருங்காட்சியகத்திலோ தொல்லியல் துறை அலுவலகத்திலோ கொடுங்கள்.