மூன்றாண்டுப் பட்டமும் தாராவித் தமிழ் மாணவரும்

மும்பைப் பல்கலைக்கழகம் 1857 ஜூலை 18 அன்று தோன்றியது. அதே ஆண்டு ஜனவரியில் கல்கத்தாவிலும் செப்டம்பரில் சென்னையிலும் நிறுவப்பட்ட பல்கலைக்கழகங்களைப் போலவே அதுவும் 1854ஆம் ஆண்டின் உட் கல்வி அறிக்கையின் விளைவு. மூன்றுக்கும் முன்மாதிரியாக இருந்தது அன்றைய லண்டன் பல்கலைக்கழகம். பாடம் நடத்துவதைக் கல்லூரிகளிடம் விட்டுவிட்டு, பாடத்திட்டம் வகுப்பதையும் தேர்வு நடத்துவதையும் பட்டம் வழங்குவதையும் மட்டும் தன் பணியாகக் கொண்ட அமைப்பு அது. ஆய்வுத் துறைகளும் முதுநிலை வகுப்புகளும் பின்னாளில் சேர்ந்தன என்றாலும், எண்ணூறுக்கும் மேற்பட்ட இணைவுக் கல்லூரிகளில் இளநிலைப் பட்டம் படிக்கும் மாணவரைப் பொறுத்தவரை அந்தப் பழைய ஏற்பாடே இன்றும் நீடிக்கிறது. அவர்களுக்குப் பல்கலைக்கழகம் என்பது தேர்வு அட்டவணையாகவும் மதிப்பெண் பட்டியலாகவும் மட்டுமே வந்து சேர்கிறது. கோட்டைப் பகுதியில் 1878இல் கட்டி முடிக்கப்பட்ட ராஜாபாய் மணிக்கூண்டையோ, சாந்தாகுரூஸ் கிழக்கில் உள்ள கலீனா வளாகத்தையோ சான்றிதழ் வாங்கப் போகும் நாளில்தான் முதன்முறையாகப் பார்ப்பவர் ஏராளம்.

இந்த அமைப்பின் நன்மையையும் இடர்களையும் ஒருசேரக் காண்பதற்குத் தாராவியைவிடப் பொருத்தமான இடம் மும்பையில் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காக வந்து குடியேறிய தமிழரின் வழித்தோன்றல்கள் இன்றும் தொண்ணூறு அடிச் சாலையையும் அதன் சந்துகளையும் நிறைத்திருக்கிறார்கள். ரயில் பாதைக்கு மறுபுறம் மாட்டுங்காவில் ரூயா கல்லூரியும் (1937) போதார் வணிகவியல் கல்லூரியும் (1941) கல்சா கல்லூரியும் (1937) வி.ஜே.டி.ஐ. பொறியியல் நிறுவனமும் (1887) ஒரே வட்டாரத்தில் அமைந்துள்ளன. தென்னிந்தியர் 1932இல் மாட்டுங்காவில் தொடங்கிய கல்விச் சங்கத்தின் எஸ்.ஐ.இ.எஸ். கல்லூரி சயானில் 1960இலிருந்து நடந்துவருகிறது. செம்பூரில் விவேகானந்தர் பெயரிலான கல்லூரி இருக்கிறது. ஒரு பெருநகரத்தின் பெயர்பெற்ற பட்டக் கல்லூரிகளில் இத்தனை, இந்தியாவின் மிக நெருக்கமான குடிசைப் பகுதிகளில் ஒன்றிலிருந்து நடந்தே எட்டக்கூடிய தொலைவிலோ ஓரிரு ரயில் நிலையங்களுக்கு அப்பாலோ அமைந்திருப்பது அபூர்வம். ஆகவே தாராவி மாணவருக்குத் தொலைவு ஒரு தடையே இல்லை. தடை வேறிடத்தில், பெரும்பாலும் கல்லூரி அலுவலகத்தின் சாளரத்தருகே இருக்கிறது.

தமிழ்நாட்டு வாசகருக்குப் பழக்கமில்லாத ஓர் ஏற்பாட்டை இங்கே விளக்கிவிடுவது நல்லது. மகாராஷ்டிரத்தில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகள் பெரும்பாலும் பள்ளியோடு அல்லாமல் பட்டக் கல்லூரியோடு இணைந்து ‘ஜூனியர் காலேஜ்’ என்ற பெயரில் நடக்கின்றன. ஜூனியர் காலேஜில் பயின்ற தன் சொந்த மாணவருக்கு அந்தந்தக் கல்லூரி பட்ட வகுப்பில் முன்னுரிமை தருகிறது. எஞ்சிய இடங்களுக்குத்தான் அடுத்தடுத்து மெரிட் லிஸ்ட் வெளியிடப்படுகிறது. மொழி அல்லது மதச் சிறுபான்மையினர் நடத்தும் கல்லூரியாக இருந்தால் அந்தச் சமூகத்துக்கென இடங்கள் தனியே ஒதுக்கப்படுகின்றன. இதன் விளைவாக, ஒருவர் எந்தக் கல்லூரியில் பட்டம் பெறுவார் என்பது பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைவிடப் பத்தாம் வகுப்பு முடிந்த கோடையில் நிரப்பப்பட்ட விண்ணப்பத்தால் பெரிதும் முடிவாகிவிடுகிறது. மும்பை வட்டாரத்தில் பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை 2009 முதல் இணையவழியில் நடக்கிறது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளையின் பெற்றோர், விருப்பக் கல்லூரிகளின் வரிசையை எப்படி அமைப்பது என்பதைக் கணினி மையத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்கிறார்கள்.

அடுத்து வருவது சாதிச் சான்றிதழ். தாராவித் தமிழ் மாணவரின் கல்லூரி வாழ்க்கையில் வேறெந்தப் பாடத்தைவிடவும் அதிக நேரத்தைத் தின்பது இதுதான் என்று சொல்வது மிகையாகாது. பட்டியல் சாதிகளின் பெயர்கள் மாநிலவாரியாக அறிவிக்கப்பட்டவை. அவற்றுக்கான குடியரசுத் தலைவர் ஆணை வெளியான நாள் 1950 ஆகஸ்ட் 10. அந்நாளுக்கு முன்பே குடும்பம் மகாராஷ்டிர நிலப்பகுதியில் வசித்தது என்பதற்கு ஆவணம் காட்டினால்தான் மாநில அரசின் சான்றிதழும் அதையொட்டிய ஒதுக்கீடும் கிடைக்கும். பிற்படுத்தப்பட்டோருக்கு இந்த எல்லை நாள் 1967 அக்டோபர் 13. சான்றிதழ் கைக்கு வந்த பிறகும், அது செல்லத்தக்கது என்று ஆய்வுக்குழு தனியே உறுதி செய்யும் ‘வேலிடிட்டி’ என்ற இன்னொரு கட்டம் இருக்கிறது. திருநெல்வேலியில் ஆதிதிராவிடராகப் பிறந்த ஒருவர் தாராவிக்கு வந்ததும் அவர்மீதான ஒதுக்குதல் மறைந்துவிடுவதில்லை. மறைவது அதற்கு ஈடாகச் சட்டம் தந்த சலுகை மட்டுமே.

இந்த நிலை சட்டப்படி உறுதியானது ஒரு மும்பைக் கல்லூரி மாணவரின் வழக்கிலேயே என்பது கவனிக்கத்தக்கது. ஆந்திரத்தில் பழங்குடியாக ஏற்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்து, சிறு வயதிலேயே தந்தையின் மத்திய அரசு நிறுவனப் பணியையொட்டி பம்பாய்க்கு வந்து வளர்ந்த மாணவர் ஒருவர், பரேலில் உள்ள சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியில் பழங்குடியினர் இடம் கோரித் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 1990இல் தீர்ப்பளித்தது. ஒரு மாநிலத்தில் பட்டியலில் உள்ள சமூகம் இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அங்கே அதே தகுதியைத் தானாகவே பெறாது என்பதே அதன் சாரம். பின்தங்கிய நிலை இடத்துக்கு இடம் மாறக்கூடியது என்ற தர்க்கத்தின்மேல் அத்தீர்ப்பு நின்றது. 1994இலும் 2018இலும் இதே கொள்கை மீண்டும் உறுதி செய்யப்பட்டது. சட்டத் தர்க்கமாக இதற்கு வலு உண்டு. ஆனால் மூன்று தலைமுறையாக ஒரே தெருவில் வாழ்ந்தும், 1950க்கு முந்தைய வாடகைச் சீட்டோ பள்ளிப் பதிவோ இல்லாததால் ‘வந்தேறி’ என்று கணக்கிடப்படும் குடும்பத்துக்கு அந்தத் தர்க்கம் எந்த ஆறுதலும் தராது. தீப்பிடித்தும் வெள்ளத்தில் நனைந்தும் இடித்து மீண்டும் கட்டப்பட்டும் வந்த குடிசையில் எழுபத்தைந்து ஆண்டுக் காகிதம் எங்கே பிழைத்திருக்கும்?

ஆவணம் இல்லாதவர் பொதுப் பிரிவில் சேர்கிறார். அவருக்கு எஞ்சும் வழி, சாதியைக் கேட்காமல் குடும்ப வருமானத்தை மட்டும் பார்க்கும் ராஜர்ஷி சாகு மகாராஜ் கல்விக் கட்டண உதவித் திட்டம். ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் விண்ணப்பிக்கலாம். அதற்கும் மாநில வசிப்பிடச் சான்று வேண்டும். பள்ளிப் படிப்பைப் பாட்டி வீட்டில் இருந்து நெல்லையில் முடித்துவிட்டு மும்பைக்குத் திரும்பும் பிள்ளைகள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். அவர்களுக்கு இடப்பெயர்வுச் சான்றிதழும், பிற மாநில வாரியத்தில் படித்ததால் பல்கலைக்கழகத்தின் தகுதிச் சான்றும் கூடுதலாகத் தேவைப்படுகின்றன.

கட்டணம் பற்றிய பேச்சில் ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். ஆசிரியர் ஊதியத்தை அரசு ஏற்கும் ‘எய்டட்’ வகுப்புகளான வழக்கமான பி.ஏ., பி.காம்., பி.எஸ்ஸி. ஆகியவற்றின் கட்டணம் குறைவு. அதே கட்டடத்தில், அதே மாடியில் நடக்கும் பி.எம்.எஸ். எனப்படும் மேலாண்மைப் படிப்பு, கணக்கியல்-நிதி, தகவல் தொழில்நுட்பம் போன்றவை கல்லூரியே செலவை ஏற்கும் ‘செல்ஃப் ஃபைனான்ஸ்’ படிப்புகள் என்பதால் அவற்றின் கட்டணம் பல மடங்கு அதிகம். வேலைவாய்ப்பு முகாம்களில் முன்னிற்பவை பின்னவையே. ஒரே அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிய இரு மாணவர் இரண்டு வேறு கல்லூரிகளில் படிப்பதற்கு ஒப்பான நிலை இது.

மொழியின் சிக்கல் வேறு வகையானது. மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது. அவற்றில் தமிழும் ஒன்று. ஆனால் ஜூனியர் காலேஜில் தமிழ்வழி கிடையாது. பட்ட வகுப்பில் கலை, வணிகப் பாடங்கள் பலவற்றில் மராத்தியில் விடையெழுத வழியுண்டு, தமிழில் இல்லை. எனவே தமிழ்வழியில் தொடங்கிய மாணவர் பதினாறு வயதில் ஆங்கிலப் பாடநூலுக்குத் தாவ வேண்டியிருக்கிறது; வகுப்பறை விளக்கமோ இந்தியும் ஆங்கிலமும் கலந்து வருகிறது. இதை முன்கூட்டியே உணர்ந்த தாராவிப் பெற்றோர் ஆங்கிலவழிப் பள்ளிகளை நாடிச் செல்வதால் தமிழ்வழிப் பள்ளிகள் மெலிந்துவருகின்றன. அவர்களைக் குறை சொல்வது, ஏணியின் நடுப்படிகளை எடுத்துவிட்டு ஏறாதவரைக் கடிந்துகொள்வதற்குச் சமம்.

நேரத்தைப் பொறுத்தவரை மும்பை அமைப்பு ஏழை மாணவருக்கு ஒரு பெரிய உதவி செய்திருக்கிறது. பல கல்லூரிகளில் பட்ட வகுப்புகள், குறிப்பாக வணிகவியல், காலை ஏழு மணியளவில் தொடங்கி நண்பகலுக்குள் முடிந்துவிடுகின்றன. எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று 1912இல் இதே பல்கலைக்கழகத்தின் பி.ஏ. பட்டம் பெற்ற அம்பேத்கர், 1946இல் தாம் நிறுவிய சித்தார்த்தா கல்லூரியில் வேலைக்குப் போகிறவர்களும் படிக்கும்படி காலை வகுப்புகளை அமைத்தார். பிற்பகலில் கடையிலோ தையல் பட்டறையிலோ கூரியர் அலுவலகத்திலோ வேலை பார்த்துக்கொண்டு டிகிரி முடிப்பது தாராவியில் வழக்கமான செய்தி. வகுப்புக்கே வர முடியாதவருக்கு 1971இல் தொடங்கிய தொலைநிலைக் கல்வி நிறுவனம் இருக்கிறது. இடைப்பட்ட நிலையில் இருப்பவர்தான் சிக்குகிறார்: 75 விழுக்காடு வருகைப்பதிவு இல்லையென்றால் பெயர் ‘டிஃபால்ட்டர் லிஸ்ட்’டில் ஏறும், பெற்றோர் வந்து கையெழுத்திட வேண்டும், அந்தப் பெற்றோர் அதற்காக ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். வீட்டில் படிக்க இடமில்லாதவருக்கு ‘அப்யாசிகா’ எனப்படும் பொதுப் படிப்பறைகள் இரவில் துணைநிற்கின்றன. ஒற்றை அறையில் ஐந்தாறு பேர் உறங்கும் வீடுகளுள்ள பகுதியில் இவற்றின் பங்கு நூலகத்தைவிடப் பெரிது.

தேர்வில் தோற்றவரை வெளியே தள்ளிவிடாத ஒரு விதியும் உண்டு. ஏ.டி.கே.டி. என்று சுருக்கி எழுதப்பட்டு மாணவர் வாயில் ‘கேட்டி’ ஆகிவிட்ட இந்த ஏற்பாட்டின்படி, குறிப்பிட்ட எண்ணிக்கைக்குள் பாடங்களில் தவறியவர் மேல் வகுப்புக்குப் போய்க்கொண்டே அவற்றை மீண்டும் எழுதலாம். இது ஓராண்டை மிச்சப்படுத்துகிறது, ஆனால் எஃப்.ஒய். எனப்படும் முதலாண்டின் பாக்கி, டி.ஒய். எனப்படும் மூன்றாமாண்டு வரை தொடர்ந்தால், இறுதித் தேர்வில் வென்றும் பட்டம் கைக்கு வராது. முதல் நான்கு பருவத் தேர்வுகளைக் கல்லூரியே பல்கலைக்கழகத்தின் சார்பில் நடத்துவதும் கடைசி இரண்டைப் பல்கலைக்கழகம் நேரடியாக நடத்துவதும் வழக்கமாக இருந்துவந்தன. அந்த மாற்றத்தில் தடுமாறியவர் பலர்.

பல்கலைக்கழகம் முதலில் ஏற்றுக்கொண்ட கடமைகளில் ஒன்றான தேர்விலேயே அது சறுக்கிய ஆண்டு 2017. விடைத்தாள்களை ஸ்கேன் செய்து கணினித் திரையில் திருத்தும் முறையைப் போதிய முன்னேற்பாடின்றி ஒரே வீச்சில் எல்லாப் பாடங்களுக்கும் கொண்டுவந்ததால், சுமார் 17 லட்சம் விடைத்தாள்கள் தேங்கின. முடிவுகளை 45 நாட்களுக்குள் வெளியிட வேண்டும் என்பது சட்டம். ஜூலை 31க்குள் முடிக்குமாறு வேந்தரான ஆளுநர் இட்ட கெடுவும் கடந்து செப்டம்பர் வரை முடிவுகள் இழுத்தன. அவ்வாண்டு அக்டோபரில் துணைவேந்தர் பதவி நீக்கப்பட்டார். பல்கலைக்கழக வரலாற்றில் அதுவே முதல் முறை. மதிப்பெண் பட்டியல் இல்லாமல் முதுநிலைப் படிப்பிலோ வேலையிலோ சேர முடியாதிருந்த அந்த மாதங்களை வசதியுள்ள குடும்பம் காத்திருந்து கடத்திவிடும். பட்டம் முடிந்ததும் பிள்ளையின் சம்பளம் வரும் என்று கடன் தவணையைக் கணக்கிட்டு வைத்திருந்த குடும்பத்துக்கு அந்த வசதி இல்லை.

தேசியக் கல்விக் கொள்கை 2020இன்படி பல்கலைக்கழகத்தின் இணைவுக் கல்லூரிகளில் 2024-25 கல்வியாண்டிலிருந்து புதிய அமைப்பு வந்திருக்கிறது. தன்னாட்சி பெற்ற ரூயா, எஸ்.ஐ.இ.எஸ்., கல்சா போன்றவை தம் பாடத்திட்டத்தைத் தாமே வகுத்துக்கொள்கின்றன. படிப்பு ‘கிரெடிட்’ என்ற அலகால் அளக்கப்படுகிறது. 15 மணி நேர வகுப்பு ஒரு கிரெடிட், பருவத்துக்கு 22 வரை, மூன்றாண்டுக்கு 132, நான்காண்டு ஹானர்ஸ் பட்டத்துக்கு 176. ஓராண்டில் வெளியேறினால் சான்றிதழும் ஈராண்டில் டிப்ளமாவும் கிடைக்கும். பெற்ற கிரெடிட் கணக்கில் இருக்கும், பின்னர் திரும்பி வந்து தொடரலாம். பாதியில் நிற்கும் ஏழை மாணவருக்கு வெறுங்கை இல்லை என்பது இதன் நற்பயன். நான்காம் ஆண்டுக்குச் செலவழிக்க முடிந்தவரும் முடியாதவரும் இரு தரங்களாகப் பிரிவார்கள் என்பது இதன் ஆபத்து. இன்னொரு முரணும் உண்டு: பாடத்திட்டத்தில் பணியிடப் பயிற்சிக்கு 4 கிரெடிட் ஒதுக்கப்பட்டிருக்கிறது, ஆனால் பதினாறு வயதிலிருந்து தோல் பைப் பட்டறையின் கணக்கெழுதும் பி.காம். மாணவர், தான் நாள்தோறும் செய்யும் வேலைக்கு எந்த மதிப்பெண்ணும் பெறாமல், 120 மணி நேரப் பயிற்சிக்கு வேறோர் அலுவலகத்தைத் தேடி அலைய நேரிடுகிறது. பதிவு பெறாத பட்டறையின் கடிதத்தை ஏற்க விதியில் சிறு திருத்தம் செய்தால் போதும். தாராவி முழுவதுமே பயிற்சிக்கூடமாகிவிடும்.

பாடத்திட்டம் மாறுவது பல்கலைக்கழகத்தின் கையில் இருக்கிறது. ஆவணங்களைத் தேடுவது குடும்பங்களின் கையிலும் ஊர்ச் சங்கங்களின் கையிலும் இருக்கிறது. பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போதே தாத்தாவின் பள்ளிப் பதிவு, பழைய வாடகைச் சீட்டு, மில் அல்லது மாநகராட்சிப் பணிப் பதிவு ஆகியவற்றின் சான்று நகல்களுக்கு மனு போட்டுவிடுவதும், கிடைக்காதென்று உறுதியானால் வருமானச் சான்றையும் வசிப்பிடச் சான்றையும் முதல் மெரிட் லிஸ்ட் வருமுன் வாங்கி வைப்பதும் அவசியம். தாராவியில் கோயில் கொடைக்கும் கிரிக்கெட் போட்டிக்கும் குழு அமைக்கும் சங்கங்கள், ஏப்ரல், மே மாதங்களில் இந்த வேலைக்கென ஒரு மேசையும் இரண்டு பட்டதாரிகளையும் ஒதுக்க வேண்டும்.