பாலாற்றின் உப்புக் கணக்கு

கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் பாலாறு, ஆந்திரத்தில் சுமார் 33 கிலோமீட்டர் ஓடி, வாணியம்பாடிக்கு மேற்கே தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. அதன் மொத்த நீளமான 348 கிலோமீட்டரில் 222 தமிழ்நாட்டில் இருக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்கும் இந்த ஆற்றில், மேலே ஓடும் தண்ணீரைவிட மணலுக்கு அடியில் நகரும் தண்ணீரே அதிகம். அந்த அடிநீரை ஊற்றுக்கால் வெட்டியும் கிணறு தோண்டியும் எடுத்துத்தான் கரையோர ஊர்கள் நெல்லும் கரும்பும் தென்னையும் வளர்த்தன. தோல் பதனிடும் தொழிலும் அதே அடிநீரை நம்பித்தான் இங்கே வேரூன்றியது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று நீளும் டேனரி ஊர்கள் முன்பு ஒரே வேலூர் மாவட்டத்தில் இருந்தன. 2019இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததால் இன்று வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை மாவட்டங்களில் சிதறிக் கிடக்கின்றன. அலுவலகங்கள் மூன்றாகப் பிரிந்தாலும் நிலத்தடி நீர் பிரியவில்லை.

ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய நீரில் தோலைப் பல வாரங்கள் போட்டுப் பதனிட்டார்கள். வேலை மெதுவாக நடந்தது, கழிவு நாறியது, ஆனாலும் அது பெரும்பாலும் மக்கிப் போகும் கழிவு. 1970களில் பச்சைத் தோலையும் அரைகுறையாகப் பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்வதற்கு மத்திய அரசு கட்டுப்பாடு போட்டது. பதப்படுத்தி முடித்த தோலும் காலணியும் வெளியே போனால் அந்நியச் செலாவணி கூடும் என்பது கணக்கு. அந்தக் கணக்கு பலித்தது. குரோமிய உப்பைக் கொண்டு சில மணி நேரத்திலேயே தோலைப் பதனிடும் முறை பரவியது, டேனரிகள் பெருகின, ஆம்பூர் ஷூ கம்பெனிகளின் ஊரானது. வெளிநாட்டுக் கடைகளில் விற்கும் காலணியின் அழுக்கான பாதி வேலை பாலாற்றங்கரைக்கு வந்து சேர்ந்தது.

டேனரிக் கழிவு என்றதும் எல்லோரும் குரோமியத்தைச் சொல்வார்கள். அது நியாயம்தான். தொட்டியில் போடும் குரோமியத்தில் கணிசமான பங்கு தோலில் ஏறாமல் நீரோடு வெளியேறிவிடுகிறது. ஆனால் விவசாயியின் கிணற்றை முதலில் கெடுத்தது சாதாரண உப்பு. அறுத்த மாட்டின் தோல் அழுகாமல் இருக்க, அதன் எடையில் 40 சதவீதம் அளவுக்கு உப்பைத் தடவி அடுக்குவார்கள். டேனரிக்கு வந்ததும் முதல் வேலையே அந்த உப்பைக் கழுவுவதுதான். ஊறவைத்தல், சுண்ணாம்பு போடுதல், சதை சீவுதல், அமிலத்தில் போடுதல் என்று ஒவ்வொரு கட்டத்திலும் தண்ணீர் செலவாகிறது. ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பே பதிவு செய்திருக்கிறது. குரோமியத்தையாவது வேதியியல் முறையில் வண்டலாகப் படியவைத்துப் பிரித்துவிடலாம். கரைந்த உப்பு வண்டலாக இறங்காது. சுத்திகரிப்பு நிலையம் நன்றாக வேலை செய்து, தெளிந்த நீரை வெளியே விட்டாலும், அந்தத் தெளிந்த நீரில் உப்பு அப்படியே இருக்கும். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு போன்ற இடங்களில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்த பிறகும் கிணறுகள் இனிப்பாகாமல் போனதற்கு இதுவே முக்கியக் காரணம்.

பின்னர் எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் நீரை வடிகட்டி மறுபடி டேனரிக்கே அனுப்பி, மிஞ்சும் கரைசலைக் கொதிகலனில் ஆவியாக்கி உப்பாக எடுக்க வேண்டும் என்ற விதி வந்தது. ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது என்பது நோக்கம். இதற்கு மின்சாரமும் விறகும் தின்னும் செலவு பெரியது. கடைசியில் கிடைப்பது பல உப்புகள் கலந்த, யாரும் வாங்காத உப்பு. மூட்டைகளில் கட்டி நிலைய வளாகங்களிலேயே அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஆற்றில் கலந்த உப்பு மூட்டைக்கு வந்ததை முன்னேற்றம் என்றே சொல்ல வேண்டும். தீர்வு என்று சொல்ல முடியாது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு தொடுத்தது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா வாதாடினார். நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு 1996 ஆகஸ்ட் 28 அன்று வழங்கிய தீர்ப்பு இன்று இந்தியச் சட்டக் கல்லூரிகளில் பாடம். டேனரிப் பகுதிகளில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்குத் தகுதியிழந்துவிட்டது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் கணிப்பைத் தீர்ப்பு எடுத்துக்கொண்டது. மாசுபடுத்தியவரே இழப்பீடும் தரவேண்டும், நிலத்தைச் சீராக்கும் செலவையும் ஏற்க வேண்டும். கேடு வரும் என்று தெரிந்தால் முழுச் சான்றுக்காகக் காத்திருக்காமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும். இவ்விரு கோட்பாடுகளும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நீதிமன்றம் அறிவித்தது. தோல் தொழில் அந்நியச் செலாவணியும் வேலைவாய்ப்பும் தருகிறது என்பதை மறுக்காமலேயே, அதற்காகச் சுற்றுச்சூழலை அழிக்கும் உரிமை அதற்குக் கிடையாது என்றது. ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. இழப்பை மதிப்பிட, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஓர் ஆணையம் அமைக்கவும் உத்தரவிட்டது.

அந்த ஆணையம் ஊர் ஊராகக் கணக்கெடுத்து 2001 மார்ச் 7 அன்று முடிவைச் சொன்னது. ஏழு வட்டங்களில் ஏறத்தாழ 15,165 ஹெக்டேர் நிலம் பாதிப்பு, இழப்பீடு பெறத் தகுதியுள்ளவர்கள் 29,193 பேர், பணம் கட்ட வேண்டிய டேனரிகள் 547, மொத்தத் தொகை 26 கோடியே 82 லட்சம் ரூபாய். 1991 ஆகஸ்ட் முதல் 1998 டிசம்பர் வரையிலான இழப்புக்கு மட்டுமே இந்தத் தொகை. கோடி என்று கேட்கும்போது பெரிதாகத் தெரிவதை வகுத்துப் பார்த்தால் ஆளுக்குச் சராசரியாக 9,200 ரூபாய்கூட வரவில்லை. மொத்தத்தையும் நிலத்தின் மேல் ஏற்றிப் பார்த்தால், ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு ஆயிரம் ரூபாயைத் தொடாது. டேனரிகள் பக்கம் வகுத்தால் ஒவ்வொன்றுக்கும் சராசரியாக ஐந்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. ஏழு ஆண்டு ஏற்றுமதி வருமானத்தோடு ஒப்பிட்டால் அது சிறிய தொகை. அதைக்கூட முழுதாக வசூலிக்க முடியாமல் வழக்கு மேல் வழக்காக நீண்டது. 2009இல், விடுபட்டவர்களுக்காக இரண்டாவது இழப்பீட்டு ஆணை வந்தது.

கடைசியாக 2025 ஜனவரி 30 அன்று, நீதிபதிகள் ஜே.பி. பார்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு இந்த வழக்குத் தொடரில் தீர்ப்பளித்தது. இரண்டு ஆணைகளின்படி இன்னும் பணம் கிடைக்காதவர்களுக்கு மாநில அரசே ஆறு வாரத்துக்குள் கொடுத்துவிட்டு, பிறகு ஆலைகளிடமிருந்து வசூலித்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் முக்கிய உத்தரவு. இடைப்பட்ட காலத்தில் எத்தனை விவசாயிகள் இறந்துபோனார்கள், எத்தனை நிலம் கைமாறியது என்பதை எண்ணிப்பார்த்தால், பணத்தை முதலில் கொடு, வசூலைப் பிறகு பார் என்ற இந்த எளிய யோசனை 2001லேயே வந்திருக்கலாம் என்று தோன்றும். சேதம் சரியாகும்வரை மாசுபடுத்தியவரின் பொறுப்பு தீராது என்றும், சீரமைப்பைக் கண்காணிக்க ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்க வேண்டும் என்றும் தீர்ப்பு சொன்னது.

இந்த வழக்குகளில் நிலம் உள்ளவருக்கு ஒரு கணக்கு இருந்தது. நிலமில்லாமல் கூலி வேலை செய்தவர்கள் இழந்ததை எந்தப் பட்டாவும் காட்டாது. அவர்களில் பலர் பயிர் இல்லாமல் போனதும் டேனரிக்கும் ஷூ கம்பெனிக்குமே வேலைக்குப் போனார்கள். இன்று ஆம்பூர்ப் பக்கத்தில் தையல் எந்திரத்தின் முன் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் சுற்றுக் கிராமத்துப் பெண்கள். ஆகவே டேனரியை மூடினால் முதலில் பட்டினி கிடப்பது அவர்கள்தான், திறந்து வைத்தால் கெட்ட தண்ணீரைக் குடிப்பதும் அவர்கள்தான் என்ற இக்கட்டு உருவாகிவிட்டது. அதைவிடக் கீழே இருப்பவர்கள் வெளிமாநிலத் தொழிலாளர்கள். 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிட்கோ வளாகத்தில் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சேறு கொட்டியது. பத்துப் பேர் இறந்தனர்; பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அதே ராணிப்பேட்டையில், 1990களின் நடுவில் மூடப்பட்ட அரசுச் சார்பு குரோமேட் ஆலையின் கழிவு லட்சம் டன் கணக்கில் குவிந்து கிடந்து, 2006இல் உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியலில் ஊர்ப் பெயரைச் சேர்த்தது.

பருவநிலை மாற்றம் இந்தப் பழைய பிரச்சினையை இரண்டு பக்கமும் இழுக்கிறது. வேலூர் வெயில் தமிழ்நாட்டுக்கே தெரிந்த ஒன்று. மழையில்லாத ஆண்டில் கிணற்று நீர் கீழே இறங்க, உப்பின் செறிவு கூடுகிறது. மழை கொட்டும் ஆண்டில் வேறு கதை. 1903 நவம்பர் வெள்ளம் வாணியம்பாடியை அழித்தது. அதற்குப் பிறகு பாலாறு கண்ட மிகப் பெரிய வெள்ளம் 2021 நவம்பரில் வந்தது. அந்த நவம்பர் 19 அன்று பேரணாம்பட்டில் மழையில் வீடு இடிந்து குழந்தைகள் உள்பட ஒன்பது பேர் இறந்தனர். கனமழை நாளில் சிலர் கழிவைத் திறந்துவிட்டு வெள்ளத்தின் மேல் பழி போடுகிறார்கள் என்பதும், மறுநாள் நுரை பொங்கும் ஆறும் இந்தக் கரைகளில் பழகிப்போன புகார்.

அரசியல் தலைவர்கள் இந்தப் பகுதிக்கு வரும்போது பெரும்பாலும் கையில் மரக்கன்றோ ஆறு இணைப்புத் திட்டமோ இருக்கும். தென்பெண்ணையைப் பாலாற்றோடு இணைப்பது ஆட்சி மாறினாலும் மாறாத அறிவிப்பு. நீர்வளத் துறையை 2021இல் ஏற்ற துரைமுருகன் பக்கத்துக் காட்பாடித் தொகுதிக்காரர் என்பதால் எதிர்பார்ப்பு கூடுதலாகவே இருந்தது. மாநிலத்தின் பசுமைப் பரப்பைப் பத்தாண்டில் 23.7 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாக உயர்த்தும் பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தை 2022 செப்டம்பர் 24 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் வண்டலூரில் தொடங்கிவைத்தார். பருவநிலைக்கென்று தனி நிறுவனமும், முதலமைச்சர் தலைமையில் ஆட்சிமன்றக் குழுவும் வந்தன. வெப்ப அலை 2024இல் மாநிலப் பேரிடராக அறிவிக்கப்பட்டது. இவையெல்லாம் தேவையானவையே. ஆனால் டேனரிப் பகுதியில் கன்று நடுவது கேமரா முன் முடிந்துவிடும் வேலை இல்லை. சாதாரண மண்ணில் பிழைக்கும் கன்று இங்கே வேரில் உப்பு ஏறிக் கருகும். சோடியம் ஏறிய மண்ணுக்கு ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணீர் பாய்ச்சி, உப்பைக் கீழே கழுவி வடித்துவிட வேண்டும் என்று வேளாண் துறை சொல்லும். அந்த நல்ல தண்ணீர்தான் ஊரில் இல்லை. புங்கும் வேம்பும் சவுக்கும் தென்னையும் ஓரளவு தாங்கும். எதையும் கேட்காமலேயே தழைப்பது சீமைக்கருவேலம்.

தண்ணீரை மண்ணுக்குள் இறக்கும் வேலையைச் செய்து காட்டியவர்கள் ஜவ்வாது மலையடிவாரத்து நாகநதிப் பகுதிப் பெண்கள். நூறு நாள் வேலைத் திட்டத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் ஓடைகளில் உறைகிணறு இறக்கி, தடுப்பு கட்டி, வறண்டு கிடந்த ஆற்றுக்கு அடிநீர் வர வழி செய்தார்கள். பிரதமர் மோடி 2021 செப்டம்பர் 26 அன்று தன் வானொலி உரையில் அதைக் குறிப்பிட்டார். நாகநதியில் டேனரி இல்லை என்பதால் அங்கே பலித்தது பாலாற்றின் நடுவே அப்படியே பலிக்காது. ஆனாலும் மாசு ஏறாத மேல்நீர் மண்ணுக்குள் இறங்க இறங்க உப்பின் செறிவு இளகும் என்பது இரு இடத்துக்கும் பொது. 1892இல் சென்னை மாகாணமும் மைசூரும் செய்த ஒப்பந்தத்தை மீறி ஆந்திரம் தடுப்பணைகளை உயர்த்துகிறது என்ற வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருப்பதும் இதனால்தான் டேனரிப் பிரச்சினையிலிருந்து பிரிக்க முடியாதது: மேலிருந்து வரும் நல்ல நீர் குறைந்தால், கீழே இருக்கும் உப்பைக் கழுவ வேறு வழி கிடையாது.