நெடுந்தூர விமானப் பயணம்: புறப்படும் முன் சில சொற்கள்

சென்னையிலிருந்து இலண்டனுக்கு வான்வழித் தொலைவு ஏறத்தாழ 8,200 கிலோமீட்டர். நேரடி விமானத்தில் சுமார் 11 மணி நேரம் ஆகும். பிள்ளைகளைக் காணப் புறப்படும் பெற்றோர் தொலைவை எண்ணி மலைப்பதுண்டு. உடலுக்கோ அமர்ந்திருக்கும் நேரமே பெரிது.

4 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் அசையாது அமர்ந்திருப்போரின் கால் சிரைகளில் இரத்தம் உறையும் வாய்ப்பு கூடுகிறது. அவ்வுறைகட்டி நுரையீரலை அடைந்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே அவ்வப்போது எழுந்து நடங்கள்; அமர்ந்தபடியே கணுக்கால்களை அசையுங்கள்.

விமானத்தினுள் காற்றழுத்தம் உதகமண்டலம் போன்ற மலையுச்சியில் இருப்பதற்கு ஒப்பானது. இதய, நுரையீரல் நோயாளிகளும், அண்மையில் அறுவை சிகிச்சை பெற்றோரும் பயணச்சீட்டு வாங்கும் முன்பே மருத்துவரைக் கலந்தாலோசிக்க வேண்டும்.

இலண்டன் நேரம் நம் நேரத்துக்குக் கோடையில் 4½ மணியும் குளிர்காலத்தில் 5½ மணியும் பிந்தியது. இன்சுலின் போடும் வேளையை முன்னரே மருத்துவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மருந்துகளும் மருந்துச்சீட்டும் கைப்பையிலேயே இருக்கட்டும்.

பயணத்துக்குப்பின் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சுத்திணறினாலோ களைப்பென்று எண்ணிக் காத்திராதீர்கள். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.